மார்பில் பொறித்த கல்

(திண்டுக்கல்லில் ஒரு கல்லூரி விளையாட்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



என் கையில் இருப்பது ஒரு பழைய எக்ஸ்ரே படம். இப்படி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் யாரோ ஒருவருடைய விலா எலும்புகள் தெரியும். அந்த எலும்புகளுக்கு நடுவில் பிளேடால் ஒரு குன்று வெட்டியிருக்கிறது. குன்றுக்குக் கீழே சின்னதாக ‘திண்டுக்கல்’ என்று எழுத்து. 1983-இல் வெட்டியது. வெட்டியவர் என் அப்பா. அவர் இந்த ஊரில் கடைகளுக்கு போர்டு எழுதிப் பிழைத்தவர். என்னை இன்றைக்கு ‘கல்லூரி அணிகளின் லோகோ’ என்ற தலைப்பில் பேச அழைத்தபோது, பேச்சை எங்கே தொடங்குவது என்று யோசிக்கவே இல்லை. பீரோவைத் திறந்து இதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்போது நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கபடி அணியில் லெஃப்ட் கார்னர். அணிக்கென்று ஜெர்சி கிடையாது. அந்தச் சொல்லே எங்களுக்குத் தெரியாது. வெள்ளை பனியன், முதுகில் ஒரு எண், அவ்வளவுதான். வெளியூர்ப் போட்டிக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்னால் எங்கள் கேப்டன் வீட்டுக்கே வந்துவிட்டார். “உங்க அப்பாகிட்டச் சொல்லி நெஞ்சுல ஒரு புலி போட்டுக் குடுக்கச் சொல்லுடா தம்பி” என்றார்.

பன்னிரண்டு பனியனிலும் ஒரே புலி வேண்டும் என்றால் கையால் வரைய முடியாது. அச்சு வெட்ட வேண்டும். அதற்கு ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்ட எக்ஸ்ரே படத்தைவிடச் சிறந்த பொருள் அன்று இல்லை. தண்ணீரில் ஊறாது, பெயிண்டில் சுருளாது, பிளேடுக்கு இடம் கொடுக்கும். ஆனால் அச்சு வெட்டுவதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வெட்டிய கோட்டுக்குள்ளே ஒரு துண்டு தனியாக நின்றால் அது கீழே விழுந்துவிடும். விழாமல் இருக்க, அதை வெளிப்பக்கத்தோடு பிணைத்து ஒரு மெல்லிய பாலம் விட வேண்டும். நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘தி’யில் ஒரு சுழி. அடுத்து வருவது மூன்று சுழி ‘ண்’. ஒவ்வொரு சுழிக்கும் ஒரு பாலம். புலிக்கோ கண், மீசை, பல், வரி என்று உடம்பெல்லாம் பாலம். அப்பா இரண்டு நாள் முயன்றார். பாலங்களைச் சேர்த்துப் பார்த்தால் புலி கம்பி வேலிக்குள் நிற்பதுபோல் இருந்தது.

மூன்றாம் நாள் கடை வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து மலைக்கோட்டையைப் பார்த்தார். உள்ளே போய் பிளேடை எடுத்தார். ஒரு ஏற்றம், ஒரு முதுகு, ஒரு இறக்கம். கை எடுக்காமல் வெட்டி முடித்துவிட்டார். “புலியை அடுத்த வருசம் பாத்துக்கலாம். இந்த வருசம் நம்ம மலை வரட்டும்” என்றார். அவர் சொன்ன இன்னொன்றையும் இன்றுவரை நான் மறக்கவில்லை: “எல்லாத்தையும் காட்டணும்னு நெனைக்காதடா. இருபதடி தள்ளி நிக்கிறவனுக்குத் தெரியணும்.”

அந்தப் போட்டியில் நாங்கள் அரையிறுதியில் தோற்றோம். ஆனால் இரண்டாவது ஆட்டம் முடிவதற்குள்ளேயே, எங்கள் கல்லூரிப் பெயர் தெரியாத வெளியூர்ப் பையன்கள் எங்களை ‘மலைக்காரங்க’ என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். “மலைக்காரங்க மேட்ச் எப்ப?” என்று கேட்டார்கள். அடுத்த வருடம் யாருமே புலி கேட்கவில்லை.

என் வாழ்நாளில் நான் கற்ற பாடம் முழுவதும் இந்தக் கதைக்குள் இருக்கிறது. அந்தக் குன்று எங்கள் மார்புக்கு வந்ததற்குக் காரணம் எக்ஸ்ரே படத்தின் கட்டுப்பாடு. அதற்குப் பெயர் வைத்தவர்கள் எதிரணிக்காரர்கள். அதன்மீது எங்களுக்குப் பற்று வந்தது ஆடிய பிறகு. லோகோவை ஒருவர் ஒரு நாளில் வரைந்துவிடலாம். அது சின்னமாக முதிர்வதற்கு ஊரும் காலமும் வியர்வையும் வேண்டும்.

நண்பர்களே, லோகோ என்பதற்குத் தமிழில் ஒரு பழைய சொல் இருக்கிறது: பொறி. மீன்பொறி, புலிப்பொறி, விற்பொறி என்கிறோம். பொறித்தல் என்றால் அழுத்திப் பதித்தல். கல்லில் பொறிக்கிறோம், நெஞ்சிலும் பொறிக்கிறோம். மேலே ஒட்டியது உரிந்து போகும், பொறித்தது தங்கும்.

இந்தச் சமவெளி நெடுங்காலம் பாண்டிய நாட்டோடு இருந்தது. சங்ககாலப் பாண்டியரின் சதுரச் செப்புக்காசுகளை அருங்காட்சியகத்தில் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் யானை, மறுபக்கம் மீன். அந்த மீனுக்குச் செதில் இல்லை, சில கோடுகள்தான். விரல் நகம் அளவுச் செம்பில் அதற்குமேல் எதையும் பொறிக்க முடியாது என்று அந்தக் கம்மியனுக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டு கழித்து அதே கணக்கைத்தான் என் அப்பா போட்டார். பிற்காலச் சோழரின் முத்திரைகளைப் பாருங்கள். புலி மட்டும் தனியாக இல்லை. பக்கத்தில் பாண்டியரின் இரட்டை மீன் வந்துவிடுகிறது, சேரரின் வில்லும் வந்துவிடுகிறது. களத்தில் நடந்தது முத்திரையில் ஏறிவிட்டது. சின்னம் வளர்கிறது, மாறுகிறது, வரலாற்றைச் சுமக்கிறது என்பதற்கு நாம் வெளியே போய்ச் சான்று தேட வேண்டியதில்லை.

ஆனாலும் கல்லூரி அணிச் சின்னம் என்ற ஒன்றை ஒரு பெரும் பண்பாடாகவே வளர்த்தவர்கள் அமெரிக்கர்கள். அங்கே கல்லூரி ஆட்டத்துக்கு ஊரே திரளும். அவர்களிடமிருந்து மூன்று கதைகளை மட்டும் சொல்கிறேன்.

முதல் கதை டெக்சஸ் பல்கலைக்கழகம். அவர்களுடைய சின்னம் நீண்ட கொம்புள்ள நாட்டு மாடு. 1961-இல் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் டாரல் ராயல் தலைக்கவசத்தில் ஒரு சின்னம் வேண்டும் என்றார். விளையாட்டுப் பொருள் கடை நடத்திய ரூஸ்டர் ஆண்ட்ரூஸ் என்பவர் வழியாக வந்தது மாட்டுத் தலையின் நிழலுரு. ஒரே நிறம், இரண்டு கொம்பு. வரி கிடையாது, நிழல் கிடையாது. அறுபது ஆண்டுகளைத் தாண்டியும் அதே உருவம் நிற்கிறது. அதற்கும் ஆறு ஆண்டுகள் முன்பே, 1955-இல், ஹார்லி கிளார்க் என்ற மாணவர் ஆட்காட்டி விரலையும் சுண்டு விரலையும் நீட்டி மற்றவற்றை மடக்கிக் கொம்பு காட்டச் சொல்லிக் கொடுத்துவிட்டார். சின்னம் தலைக்கவசத்துக்கு வரும் முன்னரே ஆயிரக்கணக்கானோர் கைக்கு வந்துவிட்டது. நத்தம் பக்கத்து வாடிவாசல்களைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு, ஒரு கொம்பின் வளைவு மனதில் எப்படிப் பதியும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாம் கதை ஐயோவா. நம் சமவெளியைப் போலவே விவசாயத்தை நம்பிய மாநிலம். ஐயோவா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக எழ முடியாமல் கிடந்தது. 1979-இல் வந்த பயிற்சியாளர் ஹேடன் ஃப்ரை முதலில் உடையையும் சின்னத்தையும் மாற்றினார். பருந்தின் தலையை நாலைந்து வளைவுகளில் அடக்கிய புதுச் சின்னம் வந்தது. 1981-இல் அணி தன் பிரிவில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டது. ஜெயித்தது சின்னமா? ஜெயித்தவர்கள் ஆட்டக்காரர்கள். ஆனால் பழைய தோல்விகளைக் கழற்றி வைத்துவிட்டுப் புதிய சட்டையோடு களத்தில் இறங்க அது உதவியது. நான் தலைவணங்குவது அதற்குப் பிறகு நடந்ததற்கு. 1985-இல் அமெரிக்க விவசாயிகள் கடனில் மூழ்கி நிலத்தை இழந்துகொண்டிருந்தார்கள். அணி நன்றாக ஆடி, நாடே பார்த்துக்கொண்டிருந்த நேரம். ஃப்ரை தலைக்கவசத்தில் ஒரு சிறு வட்டத்தை ஒட்டினார். ‘அமெரிக்காவுக்கு விவசாயிகள் வேண்டும்’ என்ற பொருள் தரும் மூன்று எழுத்து அதில் இருந்தது. சோறு போட்ட மண்ணுக்கு ஒரு கல்லூரி அணி தன் நெற்றியில் இடம் கொடுத்தது.

மூன்றாம் கதை ஸ்டான்ஃபோர்டு. 1930 முதல் அந்த அணியின் சின்னம் ‘இந்தியன்’, அதாவது அமெரிக்கப் பூர்வகுடி மனிதனின் உருவம். பெரிய மூக்கும் இறகுமாக வரைந்த கேலிச்சித்திரங்களும் புழங்கின. 1972-இல் அங்கே படித்த பூர்வகுடி மாணவர்கள் ஒன்றுகூடி மனுக் கொடுத்தார்கள். எங்கள் முகம் உங்கள் விளையாட்டுப் பொம்மை அல்ல என்பதுதான் அதன் சாரம். பல்கலைக்கழகம் அதை ஏற்று அந்தச் சின்னத்தை விட்டது. பிறகு எங்கே போனார்கள் தெரியுமா? தங்கள் ஊரின் மரத்தடிக்கு. பாலோ ஆல்டோ என்ற அந்த ஊர்ப் பெயருக்கே ஸ்பானிய மொழியில் உயர்ந்த மரம் என்று பொருள். ஆயிரம் ஆண்டைக் கடந்த ஒரு ரெட்வுட் மரம் இன்றும் அங்கே நிற்கிறது. பல்கலைக்கழக முத்திரையில் அது முன்பே இருந்தது. இன்று அணியின் ‘எஸ்’ எழுத்தின்மேலும் அந்த மரம் நிற்கிறது.

இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மரத்தால் பெயர் பெற்ற ஊர் மரத்தை அணிந்துகொண்டது. திண்டு போன்ற கல்லால் பெயர் பெற்ற ஊர் நம்முடையது. போர்டு எழுதிய ஒருவர் டீ குடித்த நேரத்தில் கண்டுகொண்டதும் அதுதான்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். ஒரு லோகோ ஏன் மாறுகிறது என்று கேட்டால், ரசனை மாறியது என்று எல்லோரும் சொல்வார்கள். நாற்பது ஆண்டு சட்டையில் அச்சுப் போட்டவன் என்ற முறையில் நான் சொல்வது வேறு: துணி மாறியது, சாயம் மாறியது, அதனால் லோகோ மாறியது.

எக்ஸ்ரே அச்சில் பஞ்சைச் சுருட்டி பெயிண்டை ஒற்றுவோம். காய்ந்ததும் நெஞ்சில் அட்டை வைத்ததுபோல் விறைக்கும். அம்மா துவைகல்லில் இரண்டு அடி அடித்தால் குன்றில் விரிசல் விழும். பிறகு ஸ்கிரீன் பிரிண்டிங் வந்தது. மரச்சட்டத்தில் நைலான் வலை. ஒரு நிறத்துக்கு ஒரு சட்டம். நிறம் கூடினால் செலவும் கூடும். அதனால் அந்தக் காலத்துக் கல்லூரி லோகோக்கள் பெரும்பாலும் ஒரு நிறம், மிஞ்சினால் இரண்டு. அடுத்தது கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி. நூலுக்குத் தடிமன் உண்டு. ஊசிமுனைக் கோட்டை நூலால் தைத்தால் அது உப்பி, பக்கத்துக் கோட்டோடு ஒட்டிக்கொள்ளும். எழுத்துகளைப் பெரிதாக்கினோம், மெல்லிய கோடுகளை உதறினோம்.

பிறகு சப்ளிமேஷன். தாளில் அச்சடித்து, பாலியெஸ்டர் துணிமேல் வைத்துச் சூட்டில் அழுத்தினால் சாயம் ஆவியாகி இழைக்குள்ளேயே போய்விடும். உரியாது, விறைக்காது, எத்தனை நிறம் போட்டாலும் அதே செலவு. கதவு திறந்தது. நெருப்பு, மின்னல், பாயும் மிருகம், பளபளக்கும் இரும்பு என்று எல்லாம் உள்ளே வந்தன. அந்தத் தாராளத்தில்தான் பல கல்லூரிச் சின்னங்கள் தங்கள் முகத்தைத் தொலைத்தன.

நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி மாணவர்கள் கர்ஜிக்கும் சிங்கம் ஒன்றை இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டு வந்தார்கள். “அண்ணே, அப்படியே போட்டுக் குடுங்க” என்றார்கள். வேறு ஏதாவது வரைந்து தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். நேரம் இல்லை என்றார்கள். போட்டுக் கொடுத்தேன். முதல் ஆட்டத்தில் எதிரணி வந்து வரிசையாக நின்றது. அவர்கள் நெஞ்சிலும் அதே சிங்கம்! அதே பல், அதே பிடரி, நிறம் மட்டும் வேறு. என் பையன்கள் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கு நான் ஒரு மணி நேரம் வற்புறுத்தி உட்கார வைத்திருக்க வேண்டும். அந்தக் குறை என்னுடையது. இன்று இந்த மேடை ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது செல்போன் வந்திருக்கிறது. உங்கள் அணியின் லோகோவை முதலில் பார்க்கிறவர் மைதானத்தில் பார்ப்பதில்லை; சுண்டுவிரல் நகம் அளவுள்ள ஒரு வட்டத்தில் பார்க்கிறார். நெருப்பும் மின்னலும் அதில் வெறும் அழுக்காகத் தெரிகின்றன. உலகத்தின் பெரிய கிளப்புகளே இதனால் சின்னங்களைச் சுருக்கின. இத்தாலியின் யுவென்டஸ் அணி, காளையும் கிரீடமும் வைத்த தன் முட்டை வடிவச் சின்னத்தை 2017-இல் விட்டுவிட்டு ‘ஜே’ எழுத்துக்கு வந்தது. பாண்டியரின் காசுக்கும் இந்தச் செல்போன் வட்டத்துக்கும் அளவு ஏறத்தாழ ஒன்றுதான். சுற்றிச் சுற்றி, எக்ஸ்ரே படம் அன்றைக்குச் சொன்ன இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறோம்.

“நம்ம ஊருக்குத்தான் டிராகன் இருக்கே!” என்று பின்வரிசையில் ஒரு தம்பி சொல்வது கேட்கிறது. ஆமாம், அதைப் பேசாமல் இந்தப் பேச்சு நிறைவு பெறாது. 2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட் தொடங்கியபோது திண்டுக்கல் டிராகன்ஸ் அணி பிறந்தது. அந்த ஆண்டிலேயே நத்தத்தில் உள்ள என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் விளக்கு வெளிச்சத்தில் ஆட்டங்கள் நடந்தன. ஒரு கல்லூரி மைதானம் மாநிலத்தையே தன் பக்கம் திருப்பியது நமக்கெல்லாம் பெருமை. டிராகன் நம் மண்ணின் கதைகளில் வந்த மிருகம் அல்ல. நாயக்கர் மண்டபத் தூண்களில் நிற்கும் யாளிதான் நமக்குப் பழக்கம். ஆனால் 2018-இலும் 2019-இலும் இறுதிவரை போய்த் தோற்ற அணி, 2024 ஆகஸ்டில் சேப்பாக்கத்தில் அஸ்வின் தலைமையில், அவரே அரைசதம் அடிக்க, கோவையை வென்று கோப்பையைத் தூக்கியபோது நம் தெருவில் வெடி வெடித்த பையன்கள் அதை அந்நியம் என்று நினைக்கவில்லை. 2025-இல் நத்தத்திலேயே நடந்த இறுதிப் போட்டியில் திருப்பூரிடம் பெரிதாகத் தோற்றபோது, அதே பையன்கள் தலையைத் தொங்கப்போட்டு நடந்தார்கள். வெடி போட்டதும் தலை தொங்கியதும் சேர்ந்துதான் அந்த டிராகனை நம் ஊராக்கின.

ஆனாலும் தொழில்முறை அணிக்கும் கல்லூரி அணிக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. அதே லீக்கில் காரைக்குடி காளை திருப்பூர் தமிழன்ஸ் ஆனது. தூத்துக்குடி அணி சேலத்துக்கும், காஞ்சி அணி நெல்லைக்கும் போயின. இலங்கையில் 2020-இல் கோப்பை வென்ற ஜாஃப்னா ஸ்டாலியன்ஸ், உரிமையாளர் மாறியதும் மறு ஆண்டே ஜாஃப்னா கிங்ஸ் ஆனது, குதிரை போய்விட்டது. தொழில் என்றால் இது நடக்கும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கல்லூரி அப்படி இடம் பெயராது. உங்கள் அப்பா ஓடிய மைதானத்தில் நீங்கள் ஓடுகிறீர்கள். நாளை உங்கள் பிள்ளையும் ஓடலாம். நூறு ஆண்டு வாழக்கூடிய சின்னம் கல்லூரிக்குத்தான் வாய்க்கும். அந்தப் பேற்றை, பத்து நிமிடத்தில் இறக்கிய படத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

அப்படியென்றால் எதை வரைவது? சுற்றிப் பாருங்கள். நம் கைத்தொழில் பூட்டு. மாங்காய்ப் பூட்டின் வளைவைப் பாருங்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு அது. எதிரி நுழைய முடியாத தடுப்பாட்டத்துக்கு இதைவிட நல்ல அடையாளம் ஒரு கபடி அணிக்கு உண்டா? சின்னாளப்பட்டிச் சுங்குடியில் முடிச்சவிழ்த்த இடத்தில் மலரும் புள்ளிகள் இருக்கின்றன. சிறுமலை வாழை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பாறை இருக்கிறது. 1605-இல் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் அதன்மேல் கோட்டையைத் தொடங்கினார். 1755-இல் ஹைதர் அலி வந்தார், 1790-இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். அதன்மேல் ஏறிய கொடிகள் எத்தனையோ மாறின. கல் மாறவில்லை.

எதை எடுத்தாலும் மூன்று சோதனை வையுங்கள். ஒன்று, எட்டு வயதுக் குழந்தை கரித்துண்டால் சுவரில் அதை வரைய முடிய வேண்டும். இரண்டு, இருபதடி தள்ளி நிற்கிறவருக்கும் செல்போனில் பார்க்கிறவருக்கும் அது ஒன்றுபோல் தெரிய வேண்டும். மூன்று, அதைப் பார்த்து எந்த மனிதரும், எந்தச் சமூகமும் தலைகுனியக் கூடாது. முந்தைய மாணவர்கள் அணிந்த சின்னம் ஒன்று உங்கள் கல்லூரியில் ஏற்கெனவே இருந்தால், அதைத் தூக்கி எறியாதீர்கள். அதன் கோட்டைத் திருத்துங்கள், கூர்மையாக்குங்கள், உயிரை விட்டுவிடாதீர்கள்.

“எல்லாக் கல்லூரியும் பாறையையே வரைந்தால் மறுபடியும் ஒரே சின்னம் ஆகிவிடாதா?” என்று நேற்று என்னிடம் ஒரு மாணவி கேட்டார். நல்ல கேள்வி. இரவு முழுக்க யோசித்தேன். காலையில் என் பழைய வண்டியை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தேன். பழனி சாலையில் நின்று பார்த்தேன், திருச்சி சாலையில் நின்று பார்த்தேன், நத்தம் சாலைக்கும் போனேன். ஓரிடத்தில் அது திண்டு. தலை வைத்துப் படுக்கலாம்போல் இருக்கிறது. இன்னோரிடத்தில் படுத்திருக்கும் யானை. வேறோரிடத்தில் செங்குத்துச் சுவர். ஒரே கல்தான், சாலைக்குச் சாலை வேறு கோடு. இந்த எக்ஸ்ரேயில் இருக்கும் கோடு என் அப்பாவின் கடை வாசலிலிருந்து தெரிந்தது. அந்த வாசலில் நின்றால் மட்டுமே அது அப்படித் தெரியும்.

ஆகவே விழா முடிந்து கிளம்பும்முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் மைதானத்தின் நடுவில், ரைடர் கோட்டைத் தொட்டுப் புறப்படும் இடத்தில் நின்று, நிமிர்ந்து பாருங்கள். அங்கிருந்து தெரிகிற கோட்டை ஒரு தாளில், கை எடுக்காமல், ஒரே இழுப்பில் இழுங்கள். அந்தத் தாளைக் கொண்டுவந்து கொடுங்கள். அச்சு வெட்டித் தர நான் இருக்கிறேன், பிளேடும் இருக்கிறது.